தன்னைக் கலைத்துக்கொண்ட சங்கம்

நியூயார்க், ஹார்லெமில் இருக்கும் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் ஒரு தாதியர் சங்கத்தின் ஆவணங்கள் உள்ளன. 1908இல் தொடங்கிய கறுப்பினப் பட்டதாரித் தாதியர் தேசியச் சங்கம் அது. 1951இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது.

தொடங்கும் முன் மார்த்தா ஃபிராங்க்ளின் ஏறக்குறைய 1,500 கடிதங்களைக் கையாலேயே எழுதினார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 52 பேர்.

அமெரிக்கத் தாதியர் சங்கத்தில் சேர மாநிலச் சங்கம் வழியாகத்தான் போகணும் என்ற விதி பின்னர் வந்தது. தென்மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. 1941இல் ராணுவம் 56 கறுப்பினத் தாதியர் போதும் என்றது. 1945 ஜனவரியில் ஆள் பற்றாக்குறை, கட்டாயமாகச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. அப்படியென்றால் எங்களை ஏன் எடுப்பதில்லை என்று மேபல் ஸ்டாப்பர்ஸ் கேட்டார். அதே மாதம் அந்த வரம்பு போனது.

1948இல் பெரிய சங்கம் நேரடி உறுப்பினர்களை ஏற்றது. இனி தனிச் சங்கம் எதற்கு என்று இவர்கள் கலைத்தார்கள். அதை வெற்றி என்றுதான் சொல்லணும். ஆனால் 1971இல் கறுப்பினத் தாதியர் மறுபடியும் தனியாக ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். உள்ளே இடம் கிடைப்பது வேறு, உள்ளே போனபின் குரல் கேட்கப்படுவது வேறு.