கழலாத நட்டுக்குள் ஒரு வரலாறு

ஓய்வு பெற்றபின் எனக்குக் கரும்பலகை இல்லை, இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இன்றைய பாடம், ஒரு நட்டு.

அப்பாவின் 1974 புல்லட் கீழப்பழுவூர் வீட்டுத் திண்ணையோரம் எட்டு வருடமாக நிற்கிறது. விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, இதை ஓட வைப்போம்" என்றான். பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் வடிந்து போயிருந்தது. நட்டுகளில் மூன்றை ஸ்க்ரூ ஸ்பேனர் வைத்து எப்படியோ கழற்றிவிட்டான். வலப்பக்கம் கீழே இருந்தது மட்டும் அசையவில்லை. 15 ஸ்பேனர் உள்ளே நுழையவில்லை. 16 போட்டால் வழுக்கியது. நட்டின் முனைகள் மழுங்க ஆரம்பித்தன.

"கட்டிங் மெஷின் வைத்து அறுத்துவிடலாம் தாத்தா."

"நிறுத்துடா" என்றேன். அறுத்தால் அதைத் தாங்கும் பிடிமானமும் சேதமாகும். ஆசிரியர் பயிற்சியில் என்னைச் சேர்க்க அப்பா இந்த வண்டியின் பின்சீட்டில்தான் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கினோம். அதில் ஒரு ஸ்பேனரின் கழுத்தில் "5/16 வி" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. போட்டோம். கையுறை மாதிரிப் பொருந்தியது.

பேரன் ஸ்கேல் வைத்து அளந்தான். "தாத்தா, 5/16 அங்குலம் என்றால் 8 மில்லிமீட்டர்தானே? இதன் வாய் 15-க்கு மேல் இருக்கிறதே!" நல்ல கேள்வி. அங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

சின்ன வயதில் நம் ஊர்க் கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வண்டிக்கு அடித்த கடையாணி இன்னொரு வண்டிக்குச் சேராது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இங்கிலாந்தின் பெரிய பட்டறைகளிலும் இதே நிலைதான். ஒவ்வொரு பட்டறைக்கும் தனி மரை. ஒரு போல்ட்டுக்கு அதன் சொந்த நட்டு மட்டுமே பொருந்தும். 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, எல்லோருக்கும் ஒரே மரை என்று முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 பாகை. அவர் வழி வந்த ஸ்பேனர்களில் பொறிக்கப்படுவது போல்ட்டின் தடிமன், ஸ்பேனரின் வாயகலம் அல்ல. பேரன் குழம்பியது இதனால்தான். அந்த வாய் 0.6 அங்குலம், அதாவது 15.24 மில்லிமீட்டர். 15-க்கும் 16-க்கும் நடுவில்!

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 பாகை மரையைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டுப் படைகளும் தோளோடு தோள் நின்றன, ஆனால் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறவில்லை. போர் முடிந்து 1948-ல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொது மரைக்கு ஒப்புக்கொண்டன.

நம் கதைக்கு வருவோம். 1955-ல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபோது புல்லட் ஆங்கிலேய வரைபடங்களோடு, அங்குல அளவுகளோடு வந்தது. அடுத்த ஆண்டே, 1956-ல், நாடாளுமன்றம் மெட்ரிக் அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. நாங்கள் பள்ளியில் கிலோவும் மீட்டரும் படித்தோம். பழைய வண்டிகளின் போல்ட்டுகள் மட்டும் அங்குலத்திலேயே இருந்தன. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் இரண்டு செட் ஸ்பேனர் வைத்திருந்தார்கள்.

சரியான ஸ்பேனர் கிடைத்தும் நட்டு உடனே வரவில்லை. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகும். மரையின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். எட்டு வருடம் துடைக்காமல் விட்டது என் குற்றம்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து மூன்று நாள் காலையும் மாலையும் விட்டோம். ஊற விட்டபின் சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டினோம். ரப்பர் புஷ் பக்கத்திலேயே இருப்பதால் நெருப்புக் காட்டவில்லை. மூன்றாம் நாள் மாலை, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்பச் சொன்னேன். "கிறீச்" என்றது. பேரன் என்னைப் பார்த்தான். நான் பேசவில்லை. இன்னொரு திருப்பு. வந்துவிட்டது. மரை முழுசாக இருந்தது. துடைத்து, கிரீஸ் தடவி, அதே நட்டைப் புது ஷாக் அப்சார்பரோடு பூட்டினோம்.

பிள்ளைகளே, ஒன்று கழலவில்லை என்றால் உடனே பலத்தைக் காட்டாதீர்கள். அது எந்தக் காலத்து அளவு என்று முதலில் பாருங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் தகரப் பெட்டி இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் பொறித்திருப்பதை ஒருமுறை படியுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கீழே பதிவிட்டால் மகிழ்வேன்.

நேற்று அரியலூர் சாலையில் கொஞ்ச தூரம் போய்வந்தோம். இந்த முறை பின்சீட்டில் நான்.