ஆறு வீங்கிய கைகள்

1948-ல் அமெரிக்காவில் ‘கேன்சர்’ மருத்துவ இதழ் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனைக்காரர்கள் இருவர் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஃபிரெட் ஸ்டூவர்ட் நோயியல் நிபுணர்; நார்மன் ட்ரீவ்ஸ் அறுவை மருத்துவர். ஆறு பேருக்கும் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்துக் கை மட்டும் வீக்கம் வடியாமலே கிடந்தது. அந்தக் கையில்தான் ஊதா நிறத்தில் திட்டும் முடிச்சும் கிளம்பின.

கை வீங்கியதற்கு அன்றைய அறுவைதான் காரணம். பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் நிலைநாட்டிய முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாமே ஒட்டுமொத்தமாக வெளியே வந்துவிடும். கணுக்கள் போனால் நிணநீருக்கு வடிகால் ஏது? ஹால்ஸ்டெட்டே 1921-ல் இந்த வீக்கத்தை அறுவையால் வந்த யானைக்கால் என்று அழைத்தார். கையில் வந்த யானைக்கால்!

புற்றுநோய் வந்துபோன பெண்ணின் உடம்பில் புதிதாக எது முளைத்தாலும், பழையதுதான் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். நுண்ணோக்கியில் தெரிந்ததோ வேறு. நாளங்களின் உட்சுவரில் ஒற்றை வரிசையாக அடங்கிக் கிடக்க வேண்டிய செல்கள் வரம்பு மீறிக் குவிந்து, சந்துபொந்தாகத் தோலுக்குள் படர்ந்திருந்தன. சார்கோமா என்ற வேறு வகைப் புற்று! நிணநாளத்தில் பிறந்தது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று ஆஞ்சியோசார்கோமா என்கிறோம். வீங்கிய கையில் வருவது மட்டும் இன்னும் அவர்கள் இருவர் பெயரில்தான்.

1980-களில் மார்பகத்தைக் காப்பாற்றி, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் முறை பரவியது. அத்தனை மோசமான கைவீக்கம் அரிதானது. சார்கோமாவோ கதிர் பட்ட மார்பகத் தோலுக்கு இடம்பெயர்ந்தது. மிக அரிதுதான், மார்பகத்தில் வரும் புற்றுகளில் எல்லா வகைச் சார்கோமாவும் சேர்த்தே நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ரத்தம் கன்றினாற்போல் இருப்பதால் ஏமாற்றிவிடும். மேமோகிராமிலும் பிடிபடாமல் போகலாம். தோல் துணுக்கை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் திட்டின் ஓரத்தில் எடுத்தால் சாதுவான நாளங்கள் மாதிரித் தெரியும். கதிர்வீச்சால் வரும் தீங்கற்ற நாளத் திட்டுகளும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய இப்போது மிக் என்ற மரபணு உதவுகிறது: கதிர்வீச்சுக்குப் பின் வரும் ஆஞ்சியோசார்கோமாவில் பெரும்பாலும் அது பல படிகளாகப் பெருகியிருக்கும், தீங்கற்ற திட்டில் பெருகுவதில்லை. அந்தச் சோதனையைக் கேட்கலாம் என்று நோயியல் நிபுணருக்குத் தோன்ற, துணுக்கோடு போகும் சீட்டில் ‘முன்பு கதிர்வீச்சு கொடுத்த இடம்’ என்று யாராவது எழுதியிருக்க வேண்டும்.