பந்து யார் வசம் இருந்தது?

2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி இரவு நான் பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமையில் இருந்தேன். தென்னாபிரிக்காவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. டேர்பன் நகரில் அன்று ஐரோப்பியச் சம்பியனான ஸ்பெயின் 1-0 என்ற கணக்கில் சுவிற்சர்லாந்திடம் தோற்றது. பக்கங்கள் அச்சுக்குப் போகவேண்டிய அவசரத்தில் ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. செய்தி முகவர் நிலையம் அனுப்பிய அறிக்கையின் அடியில் ஒரு சிறு அட்டவணை இருந்தது. ஸ்பெயின் 63 சதவீதமான நேரம் பந்தைத் தன்வசம் வைத்திருந்ததாக அது கூறியது. அந்த ஓர் எண் எனக்குப் போதுமாக இருந்தது. ‘ஆடியது ஸ்பெயின், வென்றது சுவிஸ்’ என்று தலைப்பிட்டு, வெறும் துரதிர்ஷ்டத்தினாலேயே ஸ்பெயின் தோற்றது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாட்காலை ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தம் காலத்தில் பாடசாலை உதைபந்தாட்ட அணிகளைப் பயிற்றுவித்தவர். எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வரி விடாமல் வாசிப்பவர். ஊரில் எல்லோரும் அழைப்பது போல நானும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பேன்.

“தம்பி, பந்து எவ்வளவு நேரம் அவர்களிடம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர். எந்த இடத்தில் இருந்தது என்று எழுதவில்லையே. ஆட்டத்தைப் பார்த்தீரா?” என்று கேட்டார்.

“இல்லை, மாஸ்டர்” என்றேன்.

“அப்படியென்றால் நீர் எழுதியது ஆட்டத்தைப் பற்றி அல்ல, அட்டவணையைப் பற்றி” என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அதனாலேயே அது எனக்கு அதிகம் உறைத்தது.

அந்தக் கேள்விதான் இந்த எண்ணின் வரலாற்றைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில், கோல் போட்டவரின் பெயர், நிமிடம், வெளியேற்றப்பட்டவர்கள், பார்வையாளர் தொகை என்பவையே செய்தியில் வரும். பந்து யார் வசம் எவ்வளவு நேரம் இருந்தது என்று எவரும் கேட்டதில்லை. இன்றோ, இடைவேளையின் போது தொலைக்காட்சித் திரையில் முதலில் தோன்றுவது அந்த எண்தான்.

உதைபந்தாட்டத்தைப் பென்சிலால் அளக்கப் புறப்பட்ட முன்னோடிகளுள் முக்கியமானவர் சார்ள்ஸ் ரீப். பிரித்தானிய விமானப்படையில் கணக்காளராகப் பணியாற்றியவர். 1950 மார்ச் 18ஆம் திகதி சுவிண்டன் நகரில், சுவிண்டன் ரவுண் கழகமும் பிறிஸ்ரல் றோவர்ஸ் கழகமும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். முதற் பாதியில் சுவிண்டன் அணி முன்னேறுவதும் பந்தை இழப்பதுமாக நேரத்தைக் கடத்தியதைக் கண்டு பொறுமையிழந்தார். இடைவேளைக்குப் பின்னர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு முன்னேற்றத்தையும் குறிக்கத் தொடங்கினார். அதன் பின்னர் அவரது பென்சில் பல தசாப்தங்களாக ஓயவில்லை. இரவு ஆட்டங்களில் குறிப்பெடுப்பதற்காகச் சுரங்கத் தொழிலாளரின் விளக்குப் பொருத்திய தலைக்கவசத்தை அணிந்துகொண்டு அமர்ந்திருந்தவர் அவர். 1958 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைச் சுவருக்கு ஒட்டும் கடதாசிச் சுருளில் பதிவுசெய்தார் என்பதும் பதிவில் உள்ள செய்தி.

ரீப் கண்ட முடிவு எளிமையானது. கோல்களில் ஏறத்தாழ 80 சதவீதமானவை, மூன்று அல்லது அதற்குக் குறைந்த பந்துப் பரிமாற்றங்களின் பின்னரே கிடைக்கின்றன. ஆகவே பந்தை நீண்ட நேரம் வைத்திருப்பது வீண். எவ்வளவு விரைவில் எதிரணியின் கோல் எல்லைக்கு அனுப்ப முடியுமோ அவ்வளவு நல்லது. 1968இல் புள்ளிவிபரவியலாளர் பேர்னாட் பெஞ்சமினுடன் இணைந்து, றோயல் புள்ளிவிபரவியல் சங்கத்தின் ஆய்விதழில் இதனை வெளியிட்டார். 1950களில் மூன்று தடவை இங்கிலாந்துச் சம்பியனான வூல்வ்ஸ் அணியின் முகாமையாளர் ஸ்ரான் கலிஸுக்கும் அவர் ஆலோசனை கூறியிருந்தார். ஆகவே அவரது சொல்லுக்கு மதிப்பிருந்தது.

ஆனால் அவர் சேகரித்த தரவுகளிலேயே இன்னோர் எண்ணும் இருந்தது. ஆட்டத்தில் நிகழும் முன்னேற்றங்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவை மூன்று பரிமாற்றங்களுக்குள்ளேயே முடிந்துபோகின்றன. மாஸ்டர் இருந்தால் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பார். ஒரு வீதியில் செல்வோர் நூறு பேரில் தொண்ணூறு பேர் சைக்கிளில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விபத்துக்குள்ளானோர் நூறு பேரில் எண்பது பேர் சைக்கிள்காரர் என்றால், சைக்கிள்தான் அதிக ஆபத்தானது என்று சொல்லலாமா? தொண்ணூறு பங்கினர் எண்பது பங்கு விபத்தையே சந்திக்கிறார்கள். எஞ்சிய பத்துப் பங்கினரோ இருபது பங்கு விபத்தைச் சந்திக்கிறார்கள். அதே கணக்கின்படி பார்த்தால், அரிதாக நிகழும் நீண்ட பந்துப் பரிமாற்றங்களே, ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடும்போது, கூடுதலாகக் கோல் தந்தன. மேலே உள்ள எண்ணைப் பார்த்த ரீப், கீழே வகுக்கவேண்டிய எண்ணை மறந்துவிட்டார்.

இந்தத் தவறு ஒரு தனிமனிதரின் குறிப்புப் புத்தகத்துடன் நின்றிருந்தால் அது வெறும் சுவாரசியமான கதையாகவே இருந்திருக்கும். ஆனால் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் பயிற்றுவிப்புப் பணிப்பாளராக விளங்கிய சார்ள்ஸ் ஹியூஸ், தம் சொந்தக் கணக்கெடுப்பின் வழியாக இதனை ஒத்த முடிவுக்கே வந்தார். 1990இல் வெளியான அவரது நூல், குறைந்த பரிமாற்றங்களுடன் பந்தை முன்னே செலுத்துவதையே வெற்றியின் சூத்திரமாக முன்வைத்தது. ஒரு தேசத்தின் பயிற்றுநர்களுக்கு வழிகாட்டும் பதவியில் இருந்தவரின் சொல் அது. பந்தைக் காலடியில் வைத்துச் சிந்திக்கும் சிறுவனுக்கு அத்தகைய சூத்திரத்தில் இடம் குறைவு. எண் ஒன்றைத் தவறாக வாசிப்பதன் விலை இத்தகையது.

நேரடி ஆட்டமே பிழையானது என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறாகும். நோர்வேயின் பயிற்றுநர் எகில் ஒல்சன், ரீப்பின் எண்ணங்களை மதித்தவர். அவரது அணி 1993இல் ஒஸ்லோவில் இங்கிலாந்தை 2-0 என வென்றது. 1998இல் மார்செய் நகரில் பிரேசிலை 2-1 எனத் தோற்கடித்தது. திறமையில் மேலான அணியை எதிர்கொள்ளும் ஒருவருக்கு அது நல்ல ஆயுதம். 1990, 1994 உலகக் கிண்ணப் போட்டிகளை ஆராய்ந்து மைக் ஹியூஸ், இயன் பிராங்க்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்தது. எண்ணிக்கையைச் சமப்படுத்திப் பார்த்தால் நீண்ட பரிமாற்றத் தொடர்களே அதிக கோல்களைத் தருகின்றன. ஆனால் கோலை நோக்கி உதைக்கப்பட்ட பந்துகளில் கோலாக மாறும் விகிதம் நேரடி ஆட்டத்தில் சிறப்பாக உள்ளது என்பதே அவர்கள் கண்டது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். பார்சிலோனாவில் 1988 முதல் 1996 வரை பயிற்றுநராக இருந்த ஒல்லாந்து நாட்டவரான யொஹான் குரூய்ப் விதைத்ததை, 2008இல் பொறுப்பேற்ற அவரது மாணவர் பெப் குவார்டியோலா அறுவடை செய்தார். ஸ்பெயின் தேசிய அணி 2008இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2010இல் உலகக் கிண்ணத்தையும், 2012இல் மீண்டும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது. டேர்பனில் தோற்ற அதே அணிதான் ஜூலை 11ஆம் திகதி நெதர்லாந்தை 1-0 என வென்று உலகச் சம்பியனானது. அடுத்த நாள் மாஸ்டர் மீண்டும் அழைத்தார். “தம்பி, இன்றைக்கு என்ன தலைப்பு?” என்று கேட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் ஒரு பாடம் இருந்தது. ஏழு ஆட்டங்களில் ஸ்பெயின் போட்ட கோல்கள் வெறும் 8. நொக் அவுட் சுற்றின் நான்கு ஆட்டங்களையும் 1-0 என்றே வென்றது. எதிரணிகள் அதற்கெதிராகப் போட்ட கோல்கள் 2 மட்டுமே. பந்தை வைத்திருப்பதைத் தாக்குதல் என்று உலகம் புகழ்ந்தது. உண்மையில் அது ஸ்பெயினுக்குக் கேடயமாகவும் இருந்தது. பந்து இல்லாத எதிரி கோல் போட முடியாது அல்லவா?

உலகமோ அந்த எண்ணையே பார்த்தது. ரீப்பின் வாரிசுகள் பந்தை வைத்திருப்பது வீண் என்றார்கள். இப்போது பந்தை வைத்திருப்பதே வெற்றி என்றார்கள். இரு சாராரும் செய்தது ஒரே தவறு. எதற்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எவ்வளவு என்பதை மட்டும் எண்ணினார்கள்.

விளைவுகள் வரிசையாக வந்தன. 2014 ஜூலை 8ஆம் திகதி பெலோ ஹொரிசொன்ரேயில் பிரேசில், ஜேர்மனியிடம் 7-1 என நொறுங்கியது. அன்றைய அட்டவணையில் பந்து பிரேசிலின் வசமே சற்றுக் கூடுதலாக, 52 சதவீதம் இருந்தது. ஆட்டத்தைப் பார்க்காமல் என்னைப் போல் எவராவது எழுதியிருந்தால் என்ன தலைப்பிட்டிருப்பார்? 2015-16 பருவத்தில் இங்கிலாந்துச் சம்பியனான லெஸ்டர் சிற்றி, சராசரியாக 45 சதவீதத்துக்கும் குறைவாகவே பந்தை வைத்திருந்தது. 2018 ஜூலை 1ஆம் திகதி மொஸ்கோவில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்துப் பரிமாற்றங்களை மேற்கொண்டது. அதன் ஒரே கோல்கூட ரஷ்ய வீரர் இக்னாஷேவிச்சின் காலில் பட்டு உட்புகுந்ததுதான். 1-1 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தில், பெனால்டி உதைகளில் ரஷ்யா வென்றது. இரு வாரங்களின் பின் நடந்த இறுதி ஆட்டத்தில் குரோஷியா 61 சதவீதம் பந்தை வைத்திருந்தும், பிரான்ஸ் 4-2 என வென்றது. 2022இல் கட்டாரில் ஜப்பான், பந்தை 18 சதவீதம் கூட வைத்திராமல் ஸ்பெயினை 2-1 என வென்றது.

இந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். பலர் நினைப்பது போல இது எப்போதும் கடிகாரத்தால் அளந்த நேரம் அல்ல. பல தரவு நிறுவனங்கள் இரு அணிகளின் பந்துப் பரிமாற்றங்களையும் எண்ணி, மொத்தத்தில் ஒவ்வோர் அணியின் பங்கையே சதவீதமாகத் தருகின்றன. பின்வரிசை வீரர் இருவர் தங்களுக்குள் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். கட்டார் போட்டிகளின் போது பீபா ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. இரு அணிகளின் பங்குடன், பந்து எவர் வசமும் உறுதியாக இல்லாத நேரத்தையும் மூன்றாவது பங்காகக் காட்டியது. ஆகவே ஒரே ஆட்டத்துக்கு ஒருவர் தரும் எண் மற்றவர் தருவதுடன் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

இன்னொன்று, ஆட்டத்தின் நிலையே இந்த எண்ணை மாற்றிவிடும். முதலில் கோல் போட்ட அணி பின்வாங்கித் தற்காக்கும். பின்தங்கிய அணி பந்தைத் துரத்தும். சுவிற்சர்லாந்து கோல் போட்டது 52ஆவது நிமிடத்தில். அதன் பின்னர் ஸ்பெயின் வசம் பந்து கூடுதலாக இருந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தோல்வியே சில வேளைகளில் அந்தச் சதவீதத்தை உயர்த்துகிறது.

அப்படியானால் இந்த எண் பயனற்றதா? இல்லை. ஒரு பருவம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வலிமையான அணிகளே பெரும்பாலும் பந்தை அதிகம் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கும் அது வலிமையின் அடையாளமே தவிர, வலிமைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல்மானி நோயை அறிய உதவும், நோயைத் தீர்க்காது. ஓர் ஆட்டத்தை அறிய வேண்டுமாயின், பந்து எந்த இடத்தில் இருந்தது, அங்கிருந்து எத்தகைய வாய்ப்புகள் பிறந்தன, அப்போது கோல் நிலை என்ன என்ற கேள்விகளை அந்த எண்ணுடன் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2024 ஜூன் 15ஆம் திகதி பேர்லினில், ஐரோப்பியக் கிண்ணத்தின் தம் முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் குரோஷியாவை 3-0 என வென்றது. அன்று பந்து குரோஷியாவின் வசமே கூடுதலாக இருந்தது. தொடர்ந்து 136 போட்டி ஆட்டங்களில் பந்தை அதிகம் வைத்திருந்த ஸ்பெயினின் தொடர் அன்றுடன் முடிந்தது. அதற்கு முன்னர் ஸ்பெயின் குறைவாக வைத்திருந்த போட்டி ஆட்டம் எது தெரியுமா? 2008 ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். அதாவது, ஸ்பெயினின் பொற்காலத்தைத் தொடக்கிவைத்த அந்த வெற்றியின் போதே பந்து ஜேர்மனியின் வசம் கூடுதலாக இருந்திருக்கிறது! 2024இலும் ஏழு ஆட்டங்களையும் வென்று கிண்ணத்தைத் தூக்கியது ஸ்பெயின்தான்.

இந்தச் செய்தியை வாசித்தபோது தொலைபேசியை எடுக்கக் கை போனது. மாஸ்டர் மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அதன் பிறகே நினைவுக்கு வந்தது. ‘துரதிர்ஷ்டம்’ என்று நான் எழுதிய அந்தப் பத்திரிகைத் துண்டு இன்றும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அந்தப் பிழைக்கு நான் திருத்தம் வெளியிடவில்லை; எண் பிழையாக அச்சாகவில்லையே என்று அன்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எண் சரியாக இருந்தும் செய்தி பிழையாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. காலம் கடந்தாயினும், அந்தத் திருத்தத்தை இங்கே பதிவுசெய்கிறேன்.