நாற்பது நாள், ஒரு தீவு, ஒரு மந்தை

1/
க்வாரன்டைன், ஐசோலேஷன். ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்னு 2020-ல இருந்து நிறைய பேர் கேட்டுட்டாங்க. தமிழ்ல ரெண்டுக்கும் பெரும்பாலும் "தனிமைப்படுத்துதல்"னே சொல்றோம். அதனால இந்தக் குழப்பம் நியாயமானதுதான். ஆனா ரெண்டு வார்த்தையும் ரெண்டு வேற வேற வரலாற்றிலிருந்து வந்தவை. நீளமான இழை இது. பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல மருத்துவ வித்தியாசம். நோய் வந்துவிட்டவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ஐசோலேஷன். நோயாளியோடு பழகிய, ஆனா இன்னும் நல்லா இருக்கிற ஆளை "வருதான்னு பார்ப்போம்"னு ஒதுக்கி வைப்பது க்வாரன்டைன். முன்னவர் நோயாளி, பின்னவர் சந்தேக லிஸ்ட்ல இருக்கிறவர்.

3/
பிரித்தல், ஒதுக்குதல், விலக்குதல் இதுக்கெல்லாம் ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள். ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு படம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணுல நாள் கணக்கு, ஒண்ணுல தீவு, ஒண்ணுல ஆட்டு மந்தை. இதையெல்லாம் அடுக்கி வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்கப் போறேன்: பிரிச்சு வச்ச ஆள் எப்ப திரும்பி வரலாம்?

4/
வருஷம் 1377. இன்னைக்கு குரோஷியாவில் இருக்கும் டுப்ரோவ்னிக், அன்றைக்கு ரகூசா என்ற துறைமுக நகரம். கறுப்புச் சாவு என்ற பிளேக் ஐரோப்பாவைச் சூறையாடி முப்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ரகூசா ஒரு வியாபார ஊர். துறைமுகத்தை மூடினா பட்டினி, திறந்து வச்சா பிளேக். என்ன செய்வது?

5/
அந்த நகர சபை நடுவழி ஒன்று கண்டுபிடித்தது. பிளேக் இருக்கும் ஊர்களிலிருந்து வருபவர்கள் நேரே நகருக்குள் வர முடியாது. பக்கத்துத் தீவிலோ, சாவ்டாட் என்ற சிற்றூரிலோ ஒரு மாதம் தங்க வேண்டும். அதற்குப் பிறகு தாராளமாக உள்ளே வரலாம். முப்பது நாள் என்பதால் அதற்கு "டிரென்டினோ" என்று பெயர்.

6/
பிறகு முப்பது நாள் நாற்பதானது. வெனிஸ் பேச்சுவழக்கில் "க்வாரன்டேனா" என்றால் நாற்பது நாள் கொண்ட காலம். க்வாரன்டைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் மூலம். வெனிஸ் 1423-ல் ஒரு தீவிலேயே பிளேக் மருத்துவமனை கட்டியது. 1468-ல் இன்னொரு தீவில், வரும் கப்பல்களை நிறுத்தி வைக்க ஒரு நிலையம்.

7/
ஏன் நாற்பது? கிருமி என்ற ஒன்று இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் கிறிஸ்தவ உலகத்துக்கு நாற்பது பழகிய எண். இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்தது நாற்பது நாள், தவக்காலமும் நாற்பது நாள். நம்ம ஊர்ல மருந்தோ விரதமோ "ஒரு மண்டலம்"னு சொன்னா எல்லாருக்கும் உடனே புரியுதே, அது மாதிரி.

8/
சுவாரசியமான ஒரு கிளைக்கதை. இங்கிலாந்துச் சட்டத்தில் இதே க்வாரன்டைன் என்ற சொல்லுக்கு வேறு பொருளும் இருந்தது. கணவன் இறந்த பிறகு விதவை அந்த வீட்டிலேயே நாற்பது நாள் தங்கலாம். அதற்குள் அவளுக்குச் சேர வேண்டிய சொத்துப் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். 1215-ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டாவிலேயே இந்த உரிமை இருக்கிறது. அங்கே நாற்பது நாள் ஒரு பாதுகாப்பு!

9/
கப்பல்காரனோ விதவையோ, ரெண்டிலும் பொதுவான விஷயம் ஒண்ணு இருக்கு. முடிவு நாள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கு. உள்ளே போகும்போதே வெளியே வரும் நாள் தெரியும். சொல்லப்போனா "எத்தனை நாள்?" என்ற கேள்விக்கான பதிலையே பெயரா வச்சிருக்காங்க.

10/
நாற்பது என்ற எண் பின்னாடி மாறிடுச்சு. கிருமி உடம்புக்குள் நுழைவதற்கும் முதல் அறிகுறி தெரிவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. க்வாரன்டைன் நாட்களை இப்போ அதை வச்சுத்தான் கணக்குப் போடுறோம். எபோலாவுக்கு 21 நாள். கோவிட் தொடங்கிய காலத்தில் 14 நாள். எண் மாறினாலும் எண் இருக்கணும் என்ற விதி மாறலை.

11/
நம்ம கடற்கரையிலும் இதற்கு ஒரு தடம் இருக்கு. ராமேஸ்வரம் போகும் ரயிலில் "மண்டபம் கேம்ப்" என்று ஒரு ஸ்டேஷன் வரும். அது என்ன கேம்ப்னு யோசிச்சிருக்கீங்களா? இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் மக்களைக் கப்பல் ஏற்றும் முன் நிறுத்தி வைத்த முகாம் அது. காலரா, அம்மை, பிளேக் இலங்கைக்குப் போய்விடக்கூடாது என்று நாட்களை எண்ணிக் காத்திருக்க வைத்தார்கள். முகாமின் பெயர் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது.

12/
அடுத்தது ஐசோலேஷன். லத்தீனில் "இன்சுலா" என்றால் தீவு. இத்தாலியனில் அது "ஐசோலா". ஒருவரை ஐசோலேட் செய்வது என்றால் அவரைத் தீவாக்குவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்துக்குள் வந்தது.

13/
சர்க்கரை நோயாளிகள் தினமும் சொல்கிற ஒரு வார்த்தையிலும் இந்தத் தீவு இருக்கு. இன்சுலின்! கணையத்துக்குள் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-ல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அந்தத் தீவுகளில் சுரப்பதால் இன்சுலின். கரென்ட் வயர் மேல இருக்கிற இன்சுலேஷனும் இதே குடும்பம்தான்.

14/
க்வாரன்டைனையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அது காலத்தைச் சொல்லுது, இது இடத்தைச் சொல்லுது. தீவுக்குப் போற வழி இருக்கு. திரும்பி வரும் தேதி அந்த வார்த்தைக்குள்ள எங்கேயும் இல்லை. இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. இதில் மனுஷங்க வாழ்க்கையே போயிருக்கு.

15/
மேரி மாலன். அயர்லாந்திலிருந்து நியூயார்க் வந்த சமையல்காரர். அவர் வேலை பார்த்த வீடுகளில் டைஃபாய்டு வந்தது. அவருக்கோ ஒரு அறிகுறியும் இல்லை. உடம்பில் கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக நடமாடிய "கேரியர்" அவர். 1907-ல் பிடித்து நார்த் பிரதர் ஐலண்ட் என்ற தீவில் வைத்தார்கள். ஆமா, நிஜமான தீவு.

16/
இனி சமையல் வேலைக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையில் 1910-ல் விட்டார்கள். வேறு வேலையில் சம்பளம் குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போனார். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு, இருவர் மரணம். மறுபடி அதே தீவு. 1938-ல் சாகும்வரை அங்கேதான். மொத்தம் 26 வருஷம்.

17/
அவர் செய்ததை நியாயப்படுத்தலை. இரண்டு உயிர் போயிருக்கு. ஆனா அதே நியூயார்க்கில் நூற்றுக்கணக்கான டைஃபாய்டு கேரியர்களை அடையாளம் கண்டிருந்தார்கள். வேறு யாரையும் இப்படி ஆயுள் முழுக்க அடைத்து வைக்கவில்லை. ஏழை, வெளியூர்க்காரி, குடும்பம் இல்லாத பெண். தீவுக்கு யாரை அனுப்புறதுங்கிறதை கிருமி மட்டும் முடிவு செய்யறதில்லை.

18/
இன்னும் பெரிய கணக்கு ஹவாயில். தொழுநோயாளிகளைப் பிரித்து வைக்க 1865-ல் சட்டம். 1866 முதல் மொலோகாய் தீவின் கலாவ்பாப்பா என்ற நிலமுனைக்கு அனுப்பினார்கள். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் செங்குத்தான மலை. ஏறக்குறைய 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள்.

19/
1940-களில் தொழுநோய்க்கு சல்ஃபோன் மருந்துகள் வந்துவிட்டன. டாப்சோனை ஆரம்ப காலத்திலேயே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இடங்களில் நம்ம செங்கல்பட்டும் ஒன்று. மருந்து வந்தாச்சு, இனி ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஆனா ஹவாயில் அந்தச் சட்டம் நீங்கியது 1969-ல். மருந்துக்கும் விடுதலைக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல். அதற்குள் பலருக்குத் திரும்பிப் போக ஒரு வீடே இல்லாமல் போனது. அங்கேயே தங்கிவிட்டார்கள்.

20/
ஹவாய்தானேன்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டில் 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளிகள் சட்டம் ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து விடுதியில் அடைக்க அதிகாரம் கொடுத்தது. அது ரத்தானது எப்போது தெரியுமா? 2016. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததோ 1981-ல்.

21/
இன்னொரு பிரிவுச் சொல்: டைவர்ஸ். லத்தீன் வேரில் இதற்கு "விலகித் திரும்புதல்" என்று பொருள், பாதை ரெண்டா பிரியுதே அந்த மாதிரி. 1955 இந்து திருமணச் சட்டத்தில் துணைவருக்குத் தொழுநோய் இருப்பது விவாகரத்துக்கு ஒரு காரணம். 2019-ல்தான் அதை நீக்கினார்கள். மாத்திரையில் குணமாகும் ஒரு நோய், அத்தனை வருஷமும் சட்டப்படி ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் போதுமானதாக இருந்தது.

22/
மூணாவது சொல், செக்ரிகேஷன். லத்தீனில் "கிரெக்ஸ்" என்றால் மந்தை. மந்தையிலிருந்து ஆட்டைத் தனியே ஓட்டுவதுதான் செக்ரிகேட். காங்கிரிகேஷன், அதாவது சபை கூடுதல், அதே மந்தையை ஒன்று சேர்ப்பது. தீவுக்குப் போன ஆள் குணமானா திரும்பலாம் என்றாவது ஒரு வாய்ப்பு உண்டு. மந்தை பிரிச்சா "நீ வேற இனம்"னு அர்த்தம். அதுக்கு ஏது குணம்?

23/
1900-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக். சீனர்கள் வாழும் சைனாடவுனைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பெயர் என்னவோ க்வாரன்டைன். ஆனால் கோடு வளைந்து வளைந்து வெள்ளையர்களின் கட்டடங்களை வெளியே விட்டது. வழக்கு நீதிமன்றம் போனது. இது நோயைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை, இனத்தைப் பார்த்துப் போட்டது என்று ஜூன் மாதம் தடுத்து நிறுத்தினார்கள்.

24/
1901-ல் கேப்டவுனில் பிளேக். அங்கே எந்த நீதிமன்றமும் காப்பாற்றவில்லை. ஆறேழாயிரம் கறுப்பின மக்களை நகரிலிருந்து பெயர்த்து வெளியே ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பின்னாளில் அந்த இடத்துக்கு ந்டபேனி என்று பெயர். பிளேக் முடிந்தது. மக்கள் திரும்பவில்லை. 1902-ல் தனிச் சட்டம் போட்டு அந்தப் பிரிவை நிரந்தரமாக்கினார்கள்.

25/
அதே நாட்டில் 1948-ல் ஆட்சிக்கு வந்தவர்களின் கொள்கைக்குப் பெயர் அபார்ட்ஹைட். ஆப்பிரிகான்ஸ் மொழியில் "தனித்தனியாக இருத்தல்". அதுக்குக் காரணம் பிளேக்தான்னு நான் சொல்லலை, காரணங்கள் ஏராளம். ஆனா "சுகாதாரம்"னு சொல்லித் தொடங்கின ஒரு பிரிவு எப்படித் தேதியே இல்லாம நிலைச்சுப் போகும்னு ந்டபேனி காட்டுது.

26/
கடைசியா ஒரு நல்ல வார்த்தை. ட்ரையாஜ். "தரம் பிரித்தல்" என்பதற்கான பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்தில் முதலில் கம்பளி ரோமத்தைத் தரம் பிரிக்கத்தான் இது பயன்பட்டது. முதல் உலகப் போரில் மருத்துவச் சொல்லானது. ஆனா அந்த வேலையை அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே செஞ்சவர் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் லாரே. காயம் எவ்வளவு ஆபத்துன்னு மட்டும் பார், பதவியைப் பார்க்காதே, நம்ம ஆளா எதிரியான்னும் பார்க்காதே என்பது அவர் விதி.

27/
இன்னைக்கு எமர்ஜென்சி வாசல்ல சிவப்பு, மஞ்சள், பச்சைனு பிரிக்கிறது அதுதான். அங்கே யாருக்கும் நிறம் நிரந்தரம் இல்லை. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி பார்ப்போம். பச்சை சிவப்பாகலாம், சிவப்பு மஞ்சளாகலாம். திரும்பத் திரும்பப் பார்க்கும்வரைதான் அது வைத்தியம். ஒருமுறை பிரிச்சுட்டு மறந்துட்டா அது கம்பளி மூட்டை.

28/
இப்போ நம்ம "தனிமைப்படுத்துதல்"க்கு வருவோம். நாள் கணக்கு, தீவு ரெண்டையும் விட்டுட்டு, தனிமைங்கிற உணர்வை வேரா வச்ச சொல் இது. கேட்கிறவருக்கு முதல்ல அந்தத் தனிமைதான் காதில் விழும். 2020-ல வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டின வீடுகளை நினைச்சுப் பாருங்க. நாள் முடிஞ்சும் ஸ்டிக்கர் போகலை, தெருவில் பேச்சும் நிக்கலை.

29/
ஆனா நம்ம வழக்கத்தில் முடிவுக்கும் ஒரு வார்த்தை இருந்தது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவாங்க. அது "உள்ளே வராதே" என்ற அறிவிப்பு. அம்மை இறங்கினதும் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க. அது "முடிஞ்சது, இனி வரலாம்" என்ற அறிவிப்பு. கொப்புளம் முழுக்கக் காய்ஞ்ச பிறகு ஊத்தினா மருத்துவக் கணக்கும் அதோட ஒத்துப்போகும். சின்னம்மை எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டும்வரைதான் பரவும்.

30/
அதனால ஒரு வேண்டுகோள். டாக்டரோ நர்ஸோ "இவரைத் தனியா வைங்க"ன்னு சொன்னா, மூணு கேள்வி கேளுங்க. ஏன்? எந்தத் தேதி வரைக்கும்? அதுவரை சாப்பாடும் மருந்தும் யார் கொடுப்பாங்க? தேதி சொல்ல முடியாதுன்னா "மறுபடி எப்போ பார்ப்பீங்க?"ன்னாவது கேட்டு வாங்குங்க.

31/
வீட்டில் டிபி நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வச்சு, மருந்து முடிஞ்சு வருஷம் ஆகியும் மாத்தாத குடும்பங்கள் இன்னைக்கும் இருக்கு. தட்டு, டம்ளர் வழியா டிபி பரவுறதே இல்லை. சரியான மருந்து தொடங்கின சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து பரவுறதும் நின்னுடும். அந்தத் தட்டை இன்னைக்கு ராத்திரியே மத்த தட்டுகளோட சேர்த்து அடுக்குங்க.