கிற்றாரும் குரலும் – ஒரு வரலாற்று நோக்கு

கிற்றார் தன் அமைப்பினால் மனிதக் குரலுக்கு எட்ட நிற்கும் ஒரு கருவியாகும். மீட்டப்பட்ட கணத்திலிருந்தே அதன் ஒலி தேயத் தொடங்குகின்றது. அதன் மெட்டுக்கள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரு சமகூறுகளாகப் பகுத்து, அவற்றிடைப்பட்ட நுண்ணொலிகளுக்கு இடமளியாது விடுகின்றன. இத்தகைய கருவி விம்மவும் இரங்கவும் பழகியது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களின் புளூஸ் இசை வரலாற்றிலே கிடைக்கின்றது.

அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும், அம்மக்களுட் பலர் பருத்தித் தோட்டங்களில் வாரத்துக்குப் பயிரிடுவோராகவே வாழ்ந்தனர். இசைக் கல்லூரிகள் அவர்களுக்கு எட்டாதவை. சிறுவர்கள் வீட்டுச் சுவரில் ஆணிகளுக்கிடையே ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, போத்தலொன்றை அதன்மீது நகர்த்திச் சுரம் தேடினர். 1903ஆம் ஆண்டளவில், மிசிசிப்பியிலுள்ள டட்வைலர் புகையிரத நிலையத்தில், ஒருவர் கத்தியைத் தந்திகள்மீது அழுத்தி மீட்டிப் பாடியதைத் தாம் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி 1941இல் வெளிவந்த தமது தன்வரலாற்றிற் பதிந்துள்ளார். பார்வையற்ற கலைஞரான பிளைண்ட் வில்லி ஜோன்சன் 1927இல் அளித்த ஒலிப்பதிவொன்றிற் சொற்களே இல்லை; அவரது முனகலும் தந்தியின் ஒலியும் ஒன்றையொன்று தொடர்கின்றன. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட இசைத்தட்டில் அப்பதிவும் இடம்பெற்றது.

இவ்வாற்றலை அம்மக்களின் பிறவிக்குணமெனக் கூறுவாருமுளர். புகழ்ச்சிபோலத் தோன்றும் இக்கூற்று, உண்மையில் அவர்தம் உழைப்பை மறைப்பதாகும். பி. பி. கிங்கின் (1925–2015) பயிற்சி இதனை மறுக்கும் சான்று. மிசிசிப்பித் தோட்டங்களில் உழைத்து வளர்ந்த அவர், 1946இல் மெம்பிஸ் நகர் சென்று, உலோகக் குழாயைத் தந்திமீது நகர்த்தி வாசிப்பதில் வல்லவரும் தம் தாய்வழி உறவினருமான புக்கா வைற்றுடன் தங்கினார். அம்முறை அவருக்குக் கைவரவில்லை. ஆயினும் அதன் ஓசை செவியில் நின்றது. அதனை வெறும் விரலால் எழுப்ப முனைந்து, தந்தியை அழுத்தியவாறே கையை அசைத்துச் சுரத்தை நடுங்கச் செய்யவும், தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தவும் பயின்றெடுத்தார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிப்பதை அறிந்தோர்க்கு இதன் இயக்கம் எளிதில் விளங்கும். இழுவிசை கூடச் சுரம் உயர்கின்றது. எங்கே நிறுத்துவதென்பதை மெட்டு அறிவிப்பதில்லை, செவியே அறிவிக்கின்றது. கிங் பாடும்போது மீட்டுவதில்லை; பாட்டின் அடி முடிந்ததும் கிற்றார் விடை பகரும்.

1960களில் இங்கிலாந்தின் இளைஞர் பலர் இசைத்தட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டே இந்நுட்பங்களைக் கற்றனர். பின்வந்த பயிற்சி நூல்கள் இவற்றை அம்புக்குறிகளாலும் பின்னங்களாலும் குறித்தன. எத்துணை உயர்த்தவேண்டும் என்பதை அக்குறிகள் சொல்லும். எத்துணை தயங்கி உயர்த்தவேண்டும் என்பதைச் சொல்லா.

ஆதலின், இன்று கிற்றார் பயில்வோர் இசைத்தொடரொன்றை முதலிற் குரலாற் பாடிப் பார்த்துப் பின்னரே விரலால் தேடுதல் தகும். இக்கலையைத் தோற்றுவித்தோர் சென்ற வழி அதுவே. டட்வைலரிற் பாடிய மனிதரின் பெயரை ஹாண்டி பதியவில்லை. எனினும், இக்கலையின் ஆசிரியர்களுள் அவரையும் ஒருவராகக் கொள்ளுதல் வரலாற்று நேர்மையாகும்.