நூல் அறுந்த பட்டம்: ஜோர்ஜ் கெய்லியின் காற்றும் கடலும்

பட்டம் ஏத்தித் திரிஞ்ச எல்லாருக்கும் இது தெரியும். முச்சை பிழைச்சால் பட்டம் குத்தும். வால் காணாட்டில் சுழலும். எல்லாம் சரியாக இருந்து நல்ல உயரத்தில் நிற்கும்போது நூல் அறுந்தால், தள்ளாடித் தள்ளாடி எங்கேயாவது ஒரு பனங்காணிக்குள் போய் விழும். காற்று அதே காற்றுத்தான், பட்டமும் அதே பட்டந்தான். பிறகேன் விழுகிறது? ஏனென்றால் நூல் பட்டத்தைப் பிடித்துவைத்திருந்தது மட்டுமில்லை, காற்றுக்கு எதிராக அதை இழுத்துக்கொண்டும் இருந்தது.

அந்த நூலின் வேலையை வேறு எதனால் செய்யலாம் என்று ஐம்பது வருசத்துக்கு மேலாக யோசித்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

ஜோர்ஜ் கெய்லி 1773-இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். 1792-இல் குடும்பப் பட்டமும் காணிபூமியும் அவர் கைக்கு வந்தன. எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் வேலை பார்க்கவில்லை. புரொம்ப்டன் என்ற கிராமத்தில் இருந்த தன் வீட்டிலேயே செய்து பார்த்தார், அளந்தார், குறிப்பெழுதினார்.

அவருக்கு முந்தினவர்கள் பறப்பதென்றால் சிறகடிப்பது என்றுதான் நினைத்தார்கள். பறவை அப்படித்தானே செய்கிறது. கெய்லி அந்த வேலையை இரண்டாகப் பிரித்தார். தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது இன்னொரு வேலை. இறக்கை அசையாமல் நின்று தூக்கட்டும், தள்ளுவதற்கு வேறொரு கருவி இருக்கட்டும் என்றார். 1799-இல் ஒரு சிறிய வெள்ளித் தகட்டின் ஒரு பக்கத்தில் இறக்கைமேல் காற்றின் விசை எப்படிப் பிரிகிறது என்பதையும், மறுபக்கத்தில் அசையாத இறக்கையும் வாலும் உள்ள ஒரு பறக்கும் பொறியையும் பொறித்துவைத்தார். அந்தத் தகடு இன்று லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கு எங்கட தலைக்கு மேலால் போகிற பயணிகள் விமானங்களின் அடிப்படையும் அந்தப் பிரிப்புத்தான்.

யோசனை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அந்தக் கணக்குக்கான கருவி காற்றாலைக்காரரிடமிருந்து வந்தது. ஒரு நீளத் தடியின் நுனியில் பலகையைக் கட்டிச் சுழற்றி, காற்று அதை எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கும் முறையைப் பீரங்கிக் குண்டுகளை ஆராய்ந்த பெஞ்சமின் றொபின்ஸ் முதலில் பயன்படுத்தினார். பிறகு பொறியியலாளர் ஜோன் ஸ்மீற்றன் அதே முறையில் காற்றாலைப் பாய்களைச் சோதித்தார். பாயை எந்தக் கோணத்தில் வைத்தால் காற்றிலிருந்து அதிக வேலை வாங்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. 1759-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். கப்பல்களைப் பாறையிலிருந்து காக்க அவர் கட்டிய எடிஸ்ரன் வெளிச்சவீடும் அதே வருசத்தில்தான் எரியத் தொடங்கியது.

1804-இல் கெய்லி இந்தச் சுழல் தடியை எடுத்துக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். காற்று பாயைச் சுழற்றுமென்றால், காற்றுக்குள் ஓடுகிற பலகையை அது எவ்வளவு தூக்கும்? அதே வருசம் ஒரு தடியின் முன்பக்கத்தில் பட்டமொன்றைச் சரிவாகப் பொருத்தி, பின்பக்கத்தில் அசைக்கக்கூடிய வாலை வைத்து, மேட்டிலிருந்து பறக்கவிட்டார். நூல் இல்லாத பட்டம் ஒழுங்காக இறங்கியது. 1809, 1810-இல் மூன்று பகுதிகளாக ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். வளைந்த இறக்கை ஏன் நல்லது, பொறி ஒரு பக்கம் சரியாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

தடைப்பட்ட இடம் எஞ்சின். அந்தக் கால நீராவி எஞ்சின் தன் பாரத்தையே தூக்க முடியாதது. கெய்லி சூடான காற்றில் ஓடும் எஞ்சினைச் செய்து பார்த்தார், வெடிமருந்தில் ஓடுவதையும் முயன்றார். ஒன்றும் சரிவரவில்லை. இறங்குவதற்குப் பாரம் குறைந்த சில்லு வேண்டுமென்று 1808-இல் மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டிய ஒரு சில்லை யோசித்தார். எங்கட சைக்கிள் சில்லு அந்த வகைதான்.

கடலையும் அவர் விட்டுவைக்கவில்லை. கவிழ்ந்தாலும் தானே நிமிரும் உயிர்காப்புப் படகு அவர் மினைக்கெட்ட வேலைகளில் ஒன்று. அது ஏன் அவசரமான வேலை என்பதற்கு அதே கரையில் கொஞ்சம் வடக்கே போகவேண்டும்.

1789-இல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வெஞ்சர்' என்ற கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்கவே ஆட்கள் கடலுக்குள் விழுந்தார்கள். போய்க் காப்பாற்ற ஏற்ற படகு இல்லை. அதன்பிறகு நல்ல படகு மாதிரிக்கு 2 கினி பரிசு என்று சவுத் ஷீல்ட்ஸில் அறிவித்தார்கள். வீடுகளுக்கு வர்ணம் பூசியும் தேவாலயத்தில் எழுத்தராக இருந்தும் சீவித்த வில்லியம் வுட்ஹேவ் ஒரு மாதிரியைக் கொண்டுபோனார். கிணற்றடியில் மிதந்த உடைந்த மரக் கிண்ணத் துண்டை எப்படிக் கவிழ்த்தாலும் அது நிமிர்ந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். இரண்டு முனையிலும் உயரமான காற்றுப் பெட்டி, அடியில் பாரம். கவிழ்ந்தால் படகு அந்தப் பெட்டிகள்மேல் நிலைகொள்ள முடியாமல் உருண்டு நிமிரும்.

அவருக்கு அரைப் பரிசு தருகிறோம் என்றார்கள். படகு கட்டும் வேலை ஹென்றி கிரேட்ஹெட்டுக்குப் போனது. 1790-இல் அவர் கட்டிய படகு நல்ல படகுதான், பல உயிரைக் காப்பாற்றியது. 1802-இல் பாராளுமன்றம் அவருக்கு 1200 பவுண் கொடுத்தது. ஆனால் அந்தப் படகு கவிழ்ந்தால் தானே நிமிராது.

1849 டிசம்பரில் அதே சவுத் ஷீல்ட்ஸில் உயிர்காப்புப் படகு ஒன்று கவிழ்ந்தது. ஏறிப்போன 24 பேரில் 20 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய போட்டி வைத்தார்கள். 1851-இல் ஜேம்ஸ் பீச்சிங் என்பவரின் தானே நிமிரும் படகு பரிசு பெற்றது. மரம், தக்கை, இரும்பு எல்லாமே 1789-இலும் இருந்தவை. குறைவாக இருந்தது எஞ்சின் இல்லை, வுட்ஹேவின் பேச்சைக் கேட்க ஆள்.

அந்த 1849-இல் 75 வயதான கெய்லி ஏறத்தாழப் பத்து வயதுப் பெடியன் ஒருவனைத் தன் பொறியில் ஏற்றிக் கொஞ்சத் தூரம் தூக்கிவிட்டார். 1853-இல் பெரியவர் ஒருவர் புரொம்ப்டன் பள்ளத்தாக்கைக் கடந்து பறந்தார். கெய்லியின் குதிரைவண்டிக்காரர்தான் அவர் என்று பேர்த்தி ஒருவர் பின்னாளில் சொன்னார். இறங்கின கையோடு, "என்னை வண்டி ஓட்டத்தான் வைச்சனீங்கள், பறக்கிறதுக்கில்லை" என்று அவர் வேலையை விட்டாராம். கதையில் எவ்வளவு கூட்டல் இருக்கோ, பறந்த இரண்டு பேரின் பெயரும் உறுதியாகப் பதிவாகவில்லை என்பது உண்மை.

கெய்லி 1857-இல் இறந்தார். பெற்றோல் எஞ்சின் வந்தபிறகு, 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். பறக்கும் விஞ்ஞானத்தைக் கெய்லி எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்று 1909-இல் வில்பர் ரைட் வெளிப்படையாகச் சொன்னார். கெய்லி எழுதி வெளியிட்டபடியால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

இந்தக் கதையை "தனிமனித முயற்சி வெல்லும்" என்று முடிக்க எங்களுக்கு மனமில்லை. கெய்லிக்கு ஐம்பது வருசம் காத்திருக்கக் காணி இருந்தது, அச்சில் இடம் இருந்தது, பறந்து பார்க்க வேலைக்காரர் இருந்தார்கள். வுட்ஹேவுக்கு இருந்தது ஒரு மாதிரிப் படகு மட்டும். அவர் 1821-இல் வறுமையில் செத்தார். அவருடைய கல்லறைக் கல்லில் பிறகு ஒரு படகைச் செதுக்கினார்கள்.

எங்கட ஊர்களிலும் ஏதாவது செய்துகொண்டிருக்கிற ஆட்கள் இருக்கினம். அவையைப் பார்த்துச் சிரிக்க முதல், கொண்டுவந்ததை ஒருக்காத் தண்ணிக்குள் கவிழ்த்துப் பாப்பம்.