தொடங்கும்போதே நின்றுபோகும் கணினி

"கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது" என்று சொல்கிற எல்லோரும் ஒரே நோயைச் சொல்வதில்லை. ஒருவருக்குப் பொத்தானை அழுத்தியதும் விசிறி மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். இன்னொருவருக்குத் தயாரிப்பாளரின் சின்னம் வந்து அப்படியே நிற்கும். மூன்றாமவருக்கு விண்டோஸின் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், விடிந்தாலும் தீராது. நான்காமவருக்குக் கடவுச்சொல் வரை எல்லாம் சரி, அதன்பின் சுட்டி அசையாது. எங்கே நின்றது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

பர் துபாயில் இருந்தவர்களுக்குக் காலித் பின் வலீத் சாலையைத் தெரிந்திருக்கும். வங்கிகள் இருந்ததால் 'பேங்க் ஸ்ட்ரீட்' என்று பெயர். அதன் சந்துகளிலும், மன்கூல் சாலையில் அல் ஐன் சென்டரிலும் கணினிக் கடைகள் பெருகியதால் 'கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்' என்றும் ஆயிற்று. 2000களில் கராமாவிலிருந்தும் சத்வாவிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் சிபியு பெட்டியைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்குவார்கள். ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரே ஒரு கணினி. ஊருக்குப் பேசுவது, படம் பார்ப்பது, நள்ளிரவுக்குமேல் கதை எழுதுவது எல்லாம் அதில்தான்.

என் அறை நண்பர் ஒருவர் 2006ல் அப்படித்தான் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பகலில் கணக்கு எழுதுபவர், இரவில் கதை எழுதுபவர். இரண்டு மாத விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால், விண்டோஸ் எக்ஸ்பியின் பட்டை ஓடத் தொடங்கியதும் நீலமாக ஒரு மின்னல், மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்றார். போட்டார், சரியாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் எழுதிய கதைகளில் இணைய இதழ்களில் வெளியான நான்கு மட்டும் மிஞ்சின.

கோளாறு என்னவென்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. புதிதாக விண்டோஸ் போட்ட பிறகும், பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் போதும், கடிகாரம் 2002 ஜனவரி 1க்குப் போய்விடும். மதர்போர்டில் ஒரு நாணயம் அளவு பேட்டரி இருக்கிறது, சி.ஆர்.2032, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பழைய மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதுதான். நண்பர் ஊருக்குப் போகும்போது பொறுப்பாகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார். ஏற்கனவே தேய்ந்திருந்த பேட்டரி அந்த இரண்டு மாதத்தில் தீர்ந்தது. பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பின. வன்தட்டை எந்த முறையில் அணுகுவது என்ற அமைப்பும் அவற்றில் ஒன்று. ஏஹெச்சிஐ முறையில் நிறுவப்பட்ட விண்டோஸை ஐடிஇ முறையில் எழுப்பினால், தன் தட்டைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை காட்டி விழும். அந்த ஒரு அமைப்பை மாற்றிப் புதுப் பேட்டரி போட்டிருந்தால் கதைகள் பிழைத்திருக்கும். வளைகுடாவாசிகளின் விடுமுறை நீண்டது. இன்றும், ஊரிலிருந்து திரும்பியதும் எழ மறுக்கும் மேசைக்கணினியில் நான் முதலில் பார்ப்பது பயாஸ் காட்டும் தேதியைத்தான்.

இனி வரிசையாகப் பார்க்கலாம்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது மின்வழங்கி. அதன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றதும், அரை நொடிக்குள், 'சரி' என்று மதர்போர்டுக்கு ஒரு சமிக்ஞை போகும். அதன்பிறகே செயலி கண் விழித்து, பயாஸ் சில்லில் உள்ள முதல் கட்டளைகளைப் படிக்கும். நினைவகம் இருக்கிறதா, வீடியோ இருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். இங்கே தடுக்கினால் திரையில் எதுவும் வராது. அதனால்தான் பழைய கணினிகள் ஒலி எழுப்பின. அவார்டு பயாஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலியும் கேட்டால் வீடியோ பக்கம் கோளாறு. நீள ஒலி விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் நினைவகம். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் அந்த ஒலிபெருக்கி கிடையாது. பதிலாகச் செயலி, நினைவகம், வீடியோ, தட்டு என நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால்தான் அவை கண்ணில் படும்.

புதுக்கணினி வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிடிஆர்5 நினைவகம் உள்ள மதர்போர்டு முதல் தடவை எழும்போது நினைவகத்தோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது ஹேங் அல்ல. பொறுமையிழந்து பொத்தானை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கறுப்புத்திரைக்குத் துபாயில் பெரும்பாலும் நான் கண்ட காரணம் தூசிதான். ஷமால் காற்று அடிக்கும் நாட்களில் மூடிய ஜன்னலுக்குள்ளும் மாவுபோல மணல் வந்து படியும். கோடையில் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்கள் மங்கித் தொடர்பு விட்டுப்போகும். மின்சாரத்தைத் துண்டித்து, பொத்தானை ஒருமுறை அழுத்தி மீந்திருக்கும் மின்னை வடித்து, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, பலகையைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் பற்களை மெல்லத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். சென்னை ரிச்சி தெருவிலும் பர் துபாயிலும் பழுது பார்ப்பவர்கள் செய்வது இதுதான், அதற்கு அவர்கள் காசும் வாங்குகிறார்கள். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. ஆகஸ்ட் மாதத்தில் ஏசி அறையில் சில்லிட்டிருக்கும் பெட்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தால், மூக்குக்கண்ணாடி பனிப்பதுபோல உள்ளே உலோகமெல்லாம் பனிக்கும். கடைக்குக் கொண்டுபோன உடனே மின்சாரம் கொடுக்கக்கூடாது. ஒரு மணி நேரம் ஆறவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

காலையில் முதல் தடவை நின்று, நாலாவது தடவை கிளம்பி, அதன்பின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் கணினிகள் உண்டு. மின்தேக்கிகளைப் பாருங்கள். மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகள் அவை. தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ ஆயுள் முடிந்தது. இவ்வகை மின்தேக்கி, வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஏசியை அணைத்துவிட்டு வேலைக்குப் போகும் அறையில் கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2000களின் தொடக்கத்தில் தரக்குறைவான மின்தேக்கிகள் உலகெங்கும் மதர்போர்டுகளைச் சாகடித்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 அதில் பேர்பெற்றது. 2005ல் அந்நிறுவனம் இதற்காகச் சுமார் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதவேண்டி வந்தது.

தயாரிப்பாளரின் சின்னம் வந்து நின்றால் கதை வேறு. முதலில் விசைப்பலகையும் திரையும் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பாட்டு நிரப்பிய பென்டிரைவ், அச்சுப்பொறி, கார்டு ரீடர், வெளி வன்தட்டு எதுவும் வேண்டாம். இவற்றிலிருந்து இயங்குதளத்தைத் தேடிக்கொண்டு பயாஸ் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்போதும் எழாவிட்டால் காதைப் பெட்டியருகே வையுங்கள். 'டிக், டிக்' என்று சீரான இடைவெளியில் தட்டுச் சத்தம் கேட்டால் வன்தட்டு சாகிறது.

இந்த இடத்தில் நான் பிடிவாதக்காரன். சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். 'செக்டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் கருவி. சாகும் தட்டை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்து இன்னும் சீக்கிரம் கொல்லும், படிக்கமுடியாத கோப்புகளைத் துண்டாடியும் விடும். முதலில் தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் யுஎஸ்பி வழியாக இணைத்து, லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழுத்தட்டையும் புதிய தட்டுக்கு நகலெடுக்கவேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். செக்டிஸ்க் ஓட்டுவதென்றால் அந்த நகலின்மேல் ஓட்டிக்கொள்ளலாம். தட்டு அறவே எழவில்லை என்றால் தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனங்கள்தான் கதி, செலவு புதுக்கணினி விலையைத் தாண்டும்.

தட்டு நலமாக இருந்து விண்டோஸ் மட்டும் எழவில்லை என்றால் இத்தனை பயம் தேவையில்லை. ஒரு பென்டிரைவில் உபுண்டுவோ மின்டோ போட்டு அதிலிருந்து கணினியை எழுப்பினால், வன்தட்டைத் தொடாமலே உங்கள் கோப்புகள் கண்முன் வரும். 2000களில் இதையே குனோப்பிக்ஸ் குறுந்தகட்டை வைத்துச் செய்தோம். நகலெடுத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பழுது பாருங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு: தட்டு பெரும்பாலும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும், பூட்டியது உரிமையாளருக்கே தெரிந்திருக்காது. 48 இலக்க மீட்புச்சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே போய் எடுத்து ஒரு தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள்.

விண்டோஸ் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு இயக்கி, அல்லது கூடவே எழும் மென்பொருள். எக்ஸ்பி, 7 காலத்தில் எஃப்8 விசையை அழுத்தினால் 'சேஃப் மோடு' வரும். விண்டோஸ் 8 முதல் அது இயல்பாக வேலை செய்வதில்லை. தொடக்கத்தைத் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை பொத்தானால் துண்டித்தால் மீட்புத்திரை தானே வரும், அதன் வழியாகச் சேஃப் மோடுக்குப் போகலாம். எக்ஸ்பியில் சேஃப் மோடு, ஏற்றப்படும் கோப்புகளை வரிசையாகக் காட்டும். பலருக்கு அது 'மப்.சிஸ்' என்ற பெயரில் நிற்கும். அந்தக் கோப்பை அழித்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். திரையில் கடைசியாகத் தெரியும் பெயர் பத்திரமாக வந்து சேர்ந்தவனுடையது. குற்றவாளி அவனுக்கு அடுத்து வரவேண்டியவன்.

ஒரே ஒரு கோப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பு, துபாயில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி கடந்ததும் உலகெங்கும் இறங்கியது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் தொடக்கத்திலேயே நீலத்திரை காட்டி விழுந்தன. துபாய் விமான நிலையத்தின் 1, 2 முனையங்களில் சில நிறுவனங்களின் செக்-இன் தடைப்பட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்குவதுதான் வைத்தியம். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு பெட்டிமுன்னும் ஒருவர் போய் உட்காரவேண்டியிருந்தது. பிட்லாக்கர் சாவி கைவசமில்லாதவர்கள் அங்கும் மாட்டிக்கொண்டார்கள்.

சேஃப் மோடில் கணினி எழுந்துவிட்டால், கடைசியாக நிறுவியதை நீக்கிப் பாருங்கள். நினைவில்லை என்றால் தொடக்கத்தில் எழும் மென்பொருள்களில் பாதியை முடக்கி எழுப்புங்கள், சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில். மறுபடி அதில் பாதி. 'ஷட்டவுன்' செய்து எழுப்பினால் நின்று, 'ரீஸ்டார்ட்' செய்தால் ஒழுங்காக எழும் கணினிக்கு வைத்தியம் எளிது. விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு அணைப்பல்ல, பாதித் தூக்கம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற அமைப்பை நிறுத்துங்கள்.

கடைக்குத்தான் போவது என்று முடிவு செய்தால், எந்தத் திரையில் நின்றது என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். வேலைச்சீட்டில் 'தரவு வேண்டும், கேட்காமல் ஃபார்மட் கூடாது' என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கறுப்புத்திரைக்கு வன்தட்டு தேவையே இல்லை.

பழைய தட்டை மீட்ட பிறகு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கலாம். உங்கள் கதையைத் திறந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அது டிஸ்கியிலோ, 1999 சென்னை மாநாட்டில் வந்த டாம், டாப் குறிமுறைகளிலோ எழுதியதாக இருக்கும். பழைய விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' அடைவையும் சேர்த்து நகலெடுங்கள். அந்த எழுத்துரு இருந்தால் அப்படியே படிக்கலாம். இல்லாவிட்டாலும் சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அஞ்சல் பார்த்தவர்கள் '.டிபிஎக்ஸ்' என்று முடியும் கோப்புகளையும் தேடி எடுங்கள். இதழாசிரியருக்கு இணைப்பாக அனுப்பிய பிரதி அதற்குள் இருக்கும்.

என் நண்பருக்கு இது எதுவும் உதவவில்லை. ஆனால் 2009ல் ஊரில் அவர் தங்கை, எப்போதோ அண்ணன் கொடுத்துவிட்டுப் போன ஒரு குறுந்தகட்டைக் கண்டெடுத்தார். அதில் ஐந்து கதைகள் இருந்தன, டிஸ்கியில்.